பத்தாவது படித்த காண்ட்ராக்டர் ஐஎஸ்ஓ 45001 வாங்க முடியுமா?

கேள்வி: ஐயா, ஓசூரில் 11 வருடமாகக் கூரை வேலை காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். ஃபேக்டரி ஷெட்டுகளில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றி மெட்டல் ஷீட் போடுவது, ஒழுகல் அடைப்பது, ஸ்ட்ரக்சர் பெயின்டிங், இதுதான் தொழில். 22 பேர் வேலை செய்கிறார்கள். அதில் 13 பேர் பீகார், ஒடிசா பையன்கள். எனக்குப் பாதி வேலை தருகிற கம்பெனி, தொழிலாளர் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 45001 சர்டிஃபிகேட் இல்லாவிட்டால் வெண்டார் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவோம் என்று மெயில் அனுப்பியிருக்கிறது. ஏழு மாதம் அவகாசம். தெரிந்தவர் ஒருவர் 9,000 ரூபாய் கொடுத்தால் நாலு நாளில் வாங்கித் தருகிறேன் என்கிறார். ஒரு கன்சல்டன்ட் ஒன்றரை லட்சம் ஆகும், ஆறு மாதம் பிடிக்கும் என்கிறார். நான் பத்தாவது வரைதான் படித்தேன். இங்கிலீஷில் ஃபைல் போட எனக்கு வராது. என்ன செய்யலாம்?

— வாசகர், ஓசூர்

பதில்:

முதலில் 9,000 ரூபாய்க்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்றரை லட்சம் கேட்டவருக்கும் உடனே அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்; அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன். உங்கள் படிப்பைப் பற்றிய கவலையையும் இறக்கி வையுங்கள். இந்தச் சர்டிஃபிகேட்டுக்கு வேண்டிய முக்கியமான விஷயம், கூரை வேலையில் எங்கே ஆள் விழுவான், ஏன் விழுவான் என்ற அறிவு. 11 வருடம் கூரை ஏறிய உங்களிடம் அது இருக்கிறது. ஃபைலைத் தமிழில் வைத்துக்கொள்ளவும் தடை இல்லை. எந்த மொழியில் எழுத வேண்டும் என்று ஐஎஸ்ஓ 45001 சொல்வதில்லை. வேலை செய்கிறவருக்குப் புரிய வேண்டும் என்றுதான் கேட்கிறது.

அந்த நாலு நாள் சர்டிஃபிகேட் ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலையை எழுதி வெளியிடும், அவ்வளவுதான். யாருக்கும் சர்டிஃபிகேட் தருவதில்லை. தருவது சான்றளிக்கும் நிறுவனங்கள். அந்த நிறுவனங்கள் ஒழுங்காகத் தணிக்கை செய்கின்றனவா என்று பார்த்து அங்கீகாரம் தர, இந்தியாவில் தரக் கவுன்சிலின் கீழ் என்ஏபிசிபி என்ற வாரியம் இருக்கிறது. வெளிநாட்டு அங்கீகார வாரியங்களின் கீழ் இங்கே இயங்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கீகாரம் உள்ள நிறுவனம் ஆள் அனுப்பாமல் சர்டிஃபிகேட் தர முடியாது. ஆட்களின் எண்ணிக்கை, வேலையின் ஆபத்து இரண்டையும் வைத்து எத்தனை நாள் தணிக்கை என்று கணக்கிடுவார்கள். கட்டுமானமும் உயர வேலையும் அதிக ஆபத்துப் பட்டியலில் வரும். 22 பேர் கூரை ஏறும் தொழிலை வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ வாங்கிக்கொண்டு முடித்துவிட முடியாது.

உங்கள் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆட்களுக்கும் இது தெரியும். அங்கீகாரம் பெற்ற சர்டிஃபிகேட் உண்மையா என்று ஐஏஎஃப் செர்ட்சர்ச் என்ற தளத்தில் தேடிப் பார்க்கலாம். இல்லையென்றால் சான்றளித்த நிறுவனத்துக்கே மெயில் போட்டுக் கேட்கலாம். மாட்டிக்கொண்டால் பதினொரு வருடப் பெயர் ஒரே நாளில் போய்விடும். யாராவது ஓஎச்எஸ்ஏஎஸ் 18001 வாங்கித் தருகிறேன் என்று வந்தால் பேச்சையே தொடர வேண்டாம். அந்தப் பழைய தரநிலைக்குப் பதிலாகத்தான் 2018 மார்ச்சில் ஐஎஸ்ஓ 45001 வந்தது. பழையது 2021-லேயே முடிந்துவிட்டது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. சேஃப்டி வேலைக்கு வந்த புதிதில் ஒரு கிடங்கில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்தேன். இருபதடி உயரக் கூரை. ஒழுகல் பார்க்க ஏறிய பையன் டிரான்ஸ்பரன்ட் ஷீட்டில் கால் வைத்தான். வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த ஷீட், பல வருடத் தூசி படிந்து பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் நிறத்துக்கே வந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஷீட் உடைந்து நேராகக் கீழே வந்துவிட்டான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் உடம்பில் ஹார்னஸ், அதாவது விழாமல் தாங்கும் பாதுகாப்பு வார், சரியாகவே இருந்தது. இரண்டு கொக்கியும் அவன் இடுப்பு வளையத்திலேயே மாட்டியிருந்தன. மேலே கொக்கி மாட்ட எந்த இடமும் இல்லை. உயிர் பிழைத்தான், அதற்கப்புறம் அவனால் நடக்க முடியவில்லை. காண்ட்ராக்டரின் ஆபீஸ் சுவரில் சர்டிஃபிகேட் கண்ணாடி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பையனுக்கு யார், எப்போது பயிற்சி கொடுத்தீர்கள், இன்றைக்கு ஏறச் சொல்லி பெர்மிட் போட்டது யார், இஎஸ்ஐ எண் என்ன என்றுதான் கேட்டார்கள். அலட்சியத்தால் ஒருவர் இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அந்த இடத்தில் நீங்கள் நிற்கக் கூடாது. உங்கள் பையன் ஒருவன் அப்படிக் கிடக்கவும் கூடாது.

சரி, இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

கம்பெனியின் சேஃப்டி ஆபீசரை நேரில் போய்ப் பாருங்கள். மெயில் அனுப்புவது பர்ச்சேஸ். உள்ளே உண்மையில் என்ன வேண்டும் என்று தெரிந்தவர் சேஃப்டி ஆபீசர்தான். என்ன அங்கீகாரம் உள்ள சர்டிஃபிகேட்டை ஏற்பார்கள், சர்டிஃபிகேட்டில் வேலையின் விவரம் எப்படி இருக்க வேண்டும், அவகாசம் முடியும்போது முதல் கட்டத் தணிக்கை முடிந்த கடிதம் இருந்தால் கொஞ்சம் நீட்டித் தருவார்களா என்று கேளுங்கள். வேலையின் விவரம் முக்கியம். “பெயின்டிங் சேவைகள்” என்று மட்டும் சர்டிஃபிகேட்டில் இருந்தால் கூரை வேலைக்கு அது செல்லாது. காண்ட்ராக்டர்களுக்கான சேஃப்டி விதிமுறைப் புத்தகம் இருந்தால் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உயர வேலை பெர்மிட், ஏணி, சாரம், கரன்ட் என்று நீங்கள் எழுத வேண்டியதில் பாதி அதிலேயே இருக்கும்.

அடுத்ததுதான் சர்டிஃபிகேட்டின் உயிர். ஹிரா என்பார்கள்: ஆபத்து எது என்று கண்டுபிடித்து, அது எவ்வளவு பெரியது என்று எடை போட்டு, என்ன செய்யப் போகிறோம் என்று எழுதுவது. கன்சல்டன்ட்கள் நாற்பது பக்கத்துக்கு ஒரு எக்செல் கொண்டுவருவார்கள். பல சமயம் அது வேறு யாரோ வெல்டிங் காண்ட்ராக்டருக்குப் போட்டதாக இருக்கும். கம்பெனி பெயர் மட்டும் மாறியிருக்கும். அப்படி வந்த ஒரு ஃபைலில், கடல் பக்கமே போகாத ஒரு காண்ட்ராக்டருக்கு “நீரில் மூழ்கும் அபாயம்” என்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதத்தால் உங்கள் கூரையில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நீங்களும் உங்கள் மேஸ்திரியும் பழைய ஆள் இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒரு ஷீட் மாற்றுகிற வேலையைக் காலையில் வண்டியிலிருந்து சாமான் இறக்குவதில் தொடங்கி ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள். படித்த ஒருவர் எழுதிக்கொள்ளட்டும்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு படி: பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றுவது. அனுபவப்பட்டவர்கள் ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் வரிசையைப் பார்த்து, அடியில் பர்லின் (ஷீட்டைத் தாங்கும் சட்டம்) போகிற கோட்டின்மேலேயே நடப்பார்கள். புதுப் பையனுக்கு அது தெரியாது. நடு ஷீட்டில் கால் வைப்பான். தெரிந்தவனும் கையில் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகரும்போது கோட்டை விட்டுவிடுவான். மழை பெய்து பாசி பிடித்திருந்தால் கோட்டிலேயே வழுக்கும். பாருங்கள், இதற்குள்ளேயே மூன்று ஆபத்து வந்துவிட்டது. இவற்றை எந்த கன்சல்டன்ட்டும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்து, என்ன செய்யப் போகிறோம். ஐஎஸ்ஓ 45001 இங்கே ஒரு வரிசை சொல்கிறது; ஆடிட்டர் கட்டாயம் கேட்கிற இடம் இது. முதலில் ஆபத்தையே இல்லாமல் ஆக்க முடியுமா: கூரை ஏறாமல், கீழிருந்து பூம் லிஃப்டில் (ஆளை மேலே தூக்கும் வண்டி) போய் போல்ட்டை வெட்ட முடியுமா? உள்ளே மெஷின் எதுவும் இல்லாத பகுதிகளில் முடியும். முடியாத இடத்தில் ஆபத்து குறைந்த வேறு முறை உண்டா? அதற்கப்புறம் ஏற்பாடுகள்: இரண்டு மூன்று பர்லின்மேல் உட்காருகிற நீளத்துக்கு நடைபலகை, டிரான்ஸ்பரன்ட் ஷீட் இருக்கும் இடத்தில் எல்லாம் மூடியோ தடுப்போ, அடியில் சேஃப்டி நெட். அதற்கப்புறம் பெர்மிட், பயிற்சி, மழையிலும் பலத்த காற்றிலும் ஏறக் கூடாது என்ற விதி. ஹார்னஸ் கடைசியில் வருகிறது. நம் ஊரில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: ஹெல்மெட்டும் பெல்ட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டால் சேஃப்டி முடிந்தது என்று நினைக்கிறோம். நான் சொன்ன அந்தப் பையனும் பெல்ட் போட்டிருந்தான்.

ஹார்னஸ் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட் உங்கள் ஸ்டோரில் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்; விழுந்தால் அது இடுப்பையும் வயிற்றையும் நசுக்கிவிடும். ஐஎஸ் 3521 குறியுள்ள முழு உடல் ஹார்னஸ், டபுள் லேன்யார்டோடு (கொக்கியோடு கூடிய இரட்டைக் கயிறு) வாங்குங்கள். ஒரு கொக்கியைக் கழற்றி நகர்த்தும்போது இன்னொன்று மாட்டியே இருக்கும். ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 2925. கொக்கியை எதில் மாட்டுகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. தண்ணீர்க் குழாய், கேபிள் ட்ரே, ஏணியின் படி என்று ஆளாளுக்கு மாட்டுவார்கள். ஒரு ஆள் விழும் வேகத்தை இவை தாங்காது. ஸ்ட்ரக்சரோடு பிணைத்த வயர் ரோப் லைஃப்லைன் கட்டுங்கள். கம்பெனியின் சிவில் ஆளிடம் எங்கே கட்டலாம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கொக்கி தலைக்கு மேலே மாட்டப்பட வேண்டும். ஏறக்குறைய ஆறடி லேன்யார்டைக் காலடியில் மாட்டினால், விழும்போது ஆள் உயரம் சேரும், அதிர்ச்சி தாங்கும் பட்டை விரிந்து மேலும் ஐந்தடி வரை இறங்கும். 4 மீட்டர் உயர ஷெட்டில் ஹார்னஸ் போட்டவனும் தரையில் மோதுவான். தாங்கிக்கொண்டது என்றே வையுங்கள், ஹார்னஸில் தொங்குகிறவனை யார், எப்படி இறக்குவது? தொடை வார்கள் அழுத்தி ரத்த ஓட்டம் தடைப்படும். சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். அவசர ஏற்பாடு என்ற தலைப்பில் 108 என்று மட்டும் எழுதி வைத்திருப்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். ஏணி எங்கே நிற்கும், யார் ஏறுவார், பூம் லிஃப்ட் சாவி யாரிடம் என்று எழுதி, ஒரு நாள் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு ஒத்திகை பாருங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். அந்த ஒரு பக்கம் ஆடிட்டரிடம் உங்களுக்காகப் பேசும்.

வெயிலையும் மறக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் இந்தத் தரநிலையில் ஒரு திருத்தம் வந்தது. காலநிலை மாற்றம் உங்கள் தொழிலைப் பாதிக்கிறதா என்று யோசித்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மெட்டல் ஷீட்மேல் உட்கார்ந்து போல்ட் முடுக்குகிறவர்களுக்கு அது பாதிக்காமல் இருக்குமா? ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறு மணிக்கு ஏறி பதினொரு மணிக்கு இறங்குவது, உப்புக்கரைசல், நிழல், இவ்வளவு எழுதினால் போதும். எழுதியதைச் செய்ய வேண்டும்.

இப்போது அந்தப் பதின்மூன்று பையன்கள். தொழிலாளர்களிடம் கேட்டுச் செய்தீர்களா என்பதை இந்தத் தரநிலை மிகவும் அழுத்திக் கேட்கிறது. ஆடிட்டர் உங்களை விட்டுவிட்டு நேராக ஒரு பையனிடம் போய் ஹிந்தியில் பேசுவார்: “இன்றைக்குக் காலையில் என்ன சொன்னார்கள்? ஷீட் பலமில்லை என்று தோன்றினால் என்ன செய்வாய்?” அவன் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். தமிழில் அறிவிப்பு எழுதி ஒட்டிவிட்டு, கீழே ஹிந்திக்காரப் பையன்களிடம் கையெழுத்து வாங்குவது வேண்டாம். அவர்களில் விவரமான ஒருவனைத் தேர்ந்தெடுத்து, வேலை தொடங்கும் முன் பேசும் காலை டூல்பாக்ஸ் பேச்சை ஹிந்தியில் அவனே சொல்லட்டும். பத்து நிமிடம் போதும். அன்றைக்கு எந்த பே (ஷெட்டின் எந்தப் பகுதி), எங்கே டிரான்ஸ்பரன்ட் ஷீட், லைஃப்லைன் எங்கே, இதுதான் பேச்சு. பதிவேட்டை உண்மையாக வையுங்கள். பொங்கல் அன்று லீவு விட்டிருக்க, அன்றைக்கும் இருபது பேர் கையெழுத்து ஒரே பேனாவில் இருந்த பதிவேட்டை நான் தணிக்கையில் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் அந்த ஃபைலில் எதையும் நம்ப முடியவில்லை. இரண்டு நாள் விடுபட்ட உண்மையான பதிவேடு எவ்வளவோ மேல்.

இன்னொன்று. பயமாக இருக்கிறது, ஏற மாட்டேன் என்று ஒருவன் சொன்னால் அன்றைக்குக் கூலி பிடிக்கக் கூடாது. இதை நீங்களே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். மேஸ்திரி வாயால் சொன்னால் பையன்கள் நம்ப மாட்டார்கள். விழ இருந்து தப்பிய சம்பவங்களை வந்து சொல்கிறவனைத் திட்டாதீர்கள். நோட்டில் எழுதி, அந்த வாரமே ஏதாவது ஒன்றை மாற்றிக் காட்டுங்கள்.

சட்டக் காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 22 பேர் இருப்பதால் உங்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இஎஸ்ஐயில் வருவார்கள். வேலையில் நேரும் விபத்துக்கு இஎஸ்ஐ பாதுகாப்பு முதல் நாளிலிருந்தே உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதனால் ஊரிலிருந்து வந்து இறங்கிய பையனை, அப்புறம் பதிந்துகொள்ளலாம் என்று கூரை ஏற்றாதீர்கள். பதிவு முடிந்த பிறகே ஏற்றுங்கள். இஎஸ்ஐ வரம்புக்கு மேலே சம்பளம் வாங்கும் மேஸ்திரிகளுக்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. எல்லாருக்கும் வேலை நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பு 20 பேரிலிருந்து 50 பேராக மாறியிருக்கிறது. உங்கள் லைசென்ஸ் விஷயத்தில் இதன் விளைவு என்ன என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டு, பதிலைத் தேதியோடு குறித்து ஃபைலில் வையுங்கள். பொருந்துகிற சட்டம் எதெது என்று தெரியுமா, கடைப்பிடிக்கிறீர்களா என்று ஆடிட்டர் பார்ப்பார்.

இதெல்லாம் இரண்டு மூன்று மாதம் ஓடட்டும். அப்புறம் உள் தணிக்கை: தன் வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பதால் உங்கள் கணக்கரையோ வேறு சூப்பர்வைசரையோ இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்புங்கள். பிறகு நீங்களே தலைமை ஏற்று ஒரு ஆய்வுக் கூட்டம். இந்த இரண்டும் முடியாமல் வெளித் தணிக்கைக்குப் போக முடியாது. வெளித் தணிக்கை இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் தயாராக இருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் வேலை நடக்கும் சைட்டுக்கே வருவார்கள். அன்றைக்குக் கூரையில் வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும். ஷீட் ஆர்டர் தாமதமாகி ஆட்கள் சும்மா இருக்கும் வாரத்தில் தேதி கொடுத்துவிடாதீர்கள். குறை எழுதினால் பதறாதீர்கள். ஏன் நடந்தது என்று காரணம் கண்டுபிடித்து, திருத்தி, அதற்கான சாட்சியத்தை அனுப்பினால் மூடிவிடுவார்கள். சர்டிஃபிகேட் மூன்று வருடம் செல்லும். நடுவில் வருடா வருடம் வந்து பார்ப்பார்கள். அந்தச் செலவையும் முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றரை லட்சம் சொன்ன கன்சல்டன்ட்டிடம் கேட்க வேண்டியது: அதில் தணிக்கைக் கட்டணம் சேர்ந்ததா, தனியா? சான்றளிக்கும் நிறுவனம் எது, அங்கீகாரம் யாருடையது? கன்சல்டிங்கும் சர்டிஃபிகேட்டும் இரண்டும் நாங்களே தருகிறோம் என்றால் விலகிவிடுங்கள். சான்றளிக்கும் நிறுவனம் தான் தணிக்கை செய்யும் ஆளுக்கே ஆலோசனை சொல்லக் கூடாது என்பது விதி. கடைசியாக, என் சைட்டுக்கு வந்து கூரை ஏறிப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். முதல் வாரத்திலேயே வந்து, ஏறி, உங்கள் பையன்களோடு பேசுகிறவர் என்றால் பணம் கொடுக்கலாம். அதையும் மூன்று தவணையாக, கடைசித் தவணை இரண்டாம் கட்டத் தணிக்கை முடிந்த பிறகு. ஹார்னஸ், லைஃப்லைன், நடைபலகைக்கு ஆகும் செலவு இதில் சேராது. அதை அடுத்த கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள். சர்டிஃபிகேட் கேட்கிற கம்பெனியிடம் அதற்கான விலையைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஷீட் ரேட்டுக்குள் மறைத்தால் பேரம் பேசும்போது முதலில் போவது அதுதான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் கொண்டுபோங்கள். யாரும் ஏறுவதற்கு முன்னால் மேஸ்திரியோடு ஷெட்டுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். டிரான்ஸ்பரன்ட் ஷீட் எங்கே என்று கீழிருந்து வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொன்றையும் பே வாரியாகப் படம் வரைந்துகொண்டு, அதன்படி நடைபலகை போட்டு, லைஃப்லைனில் மாட்டியபடி மேலே போய் அந்த ஷீட்டுகளைச் சுற்றி மஞ்சள் கோடு போடச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் தேதி போட்டு எல்லாரும் கையெழுத்திடுங்கள். உங்கள் ஹிராவின் முதல் பக்கமாக அதையே வைக்கலாம்.